தின்ன முடியாதது செலவல்ல

கிராஸ் மார்ஜின் எழுபது சதவிகிதத்துக்குக் கீழே இருக்கிற கடைக்காரர்களுக்குப் புது வளாகத்தில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த உணவக லாபநெறிக் கழகம். அது அரசாங்கமா தனியாரா என்று ஒருவருக்கும் தெரியாது. வாசலில் கொடிக்கம்பம் இருந்ததால் அரசாங்கம் என்றும், கக்கூஸ் சுத்தமாக இருந்ததால் தனியார் என்றும் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது.

தேவஇரக்கம் ராஜபாளையம் தென்காசி ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பெண்டாட்டி பெயரில் எப்சி மெஸ். மத்தியானச் சாப்பாடு மட்டும். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல். நூல் மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். எத்தனை தடவை கேட்டாலும் சோறு விழும், குழம்பு விழும். இரண்டாவது தடவைக்குக் காசு வாங்கலாம் என்பது தேவஇரக்கத்துக்குத் தோன்றியதே இல்லை. கடை இருந்த ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். பக்கத்திலேயே மூன்று மாடி வளாகம் எழும்பிவிட்டது. அதில் ஒரு கடை கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் ரோடு. வளாகத்துக்காரர்கள் சாப்பாட்டுக் கடைகளைத் தரம் பிரிக்கும் வேலையைக் கழகத்திடம் ஒப்படைத்திருந்தார்கள்.

கழகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். பெயர் ஜெயசித்ரா, கள ஆய்வாளர்.

"சார், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். உங்க கடையில கிராஸ் மார்ஜின் பாக்கணும்."

"கிராஸ் தானம்மா? இருக்கு. நல்லா இருக்கு."

"எழுபதுக்கு மேல இருக்கா?"

"எல்லாத்துக்கும் மேலதாம்மா இருக்கு. கல்லாவுக்கு நேர் மேல."

"வெரி குட் சார்" என்று வைத்துவிட்டாள்.

தேவஇரக்கம் அடுப்படிக்குப் போய், "ஏட்டி எப்சி, நாளைக்கு நம்ம சிலுவையப் பாக்க ஆள் வருதாம்" என்றார்.

"எந்தச் சபைக்காரவுக?"

"சபை இல்ல, கழகம். கிராஸ் மட்டும் இருந்தா பத்தாதாம். மார்ஜினும் வேணுமாம்."

எப்சி பத்தாவது வரை படித்தவள். கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "மார்ஜின்னா நோட்டுல எடது பக்கம் கோடு போட்டு எடம் விடுவம்லா, அதான். சிலுவையச் சுத்தி நெருக்கடியா இருக்குன்னு எவனோ போட்டுக் குடுத்திருக்கான்."

சிலுவைக்குப் பக்கத்தில் காலண்டர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சமையல் மாஸ்டர் தனுஷ்கோடி ஒட்டிய முருகன் படம் இருந்தது. காலண்டரைக் கழற்றினார்கள். முருகனைக் கழற்றும்போது தனுஷ்கோடி முறைத்தான்.

"ஏன் அண்ணாச்சி, இம்புட்டு நாளா என் முருகன் உங்க சிலுவை மேல காலப் போட்டுக்கிட்டா இருந்தாரு?"

"கோவப்படாதலே. மார்ஜினுக்காக."

சுவருக்கு வெள்ளையடித்து, சப்பாத்திக் கட்டையை வைத்துச் சிலுவைக்கு இடது பக்கம் சிவப்பில் நேர்கோடு போட்டார்கள். மறுநாள் ஜெயசித்ரா கையில் டேப்லெட்டோடு வந்து, "மார்ஜின் எங்க?" என்றாள். தேவஇரக்கம் சுவரைக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். புரியவில்லை என்று சொல்வது அவளுடைய பதவிக்கு அழகில்லை. 'கிராஸ் தெளிவாக உள்ளது, மார்ஜின் இடப்பக்கம் மட்டும்' என்று பதிந்துகொண்டாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். குழம்பு மூன்று தடவை கேட்டாள், எப்சி மூன்று தடவையும் ஊற்றினாள். கை கழுவிவிட்டு வந்து கணக்குப் போட்டவள், "முப்பத்தொண்ணு சார். ரொம்ப மோசம். ஒருத்தரே மூணு வாட்டி குழம்பு வாங்கித் திங்கிறாங்க, நீங்களும் ஊத்துறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டாயப் பயிற்சிக்கு வரச்சொல்லிவிட்டார்கள். கட்டணம் ஐயாயிரம்.

கழகத்தின் இயக்குநர் சங்கரலிங்கம். மூன்று ஓட்டல் நடத்தி மூன்றையும் மூடியவர். அந்த அனுபவத்துக்காகவே அவரை எடுத்திருந்தார்கள். குளிரூட்டிய அறையில் ஐம்பது கடைக்காரர்கள் வேட்டியைக் காலோடு சுற்றிக்கொண்டு நடுங்க, அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"உணவகத் தோழர்களே! விற்ற காசில் பண்டத்தின் காசைக் கழித்தால் மிச்சம் நிற்பது மொத்த லாபம். விற்ற காசில் அது நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் அதுதான் கிராஸ் மார்ஜின். இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா?"

தேவஇரக்கம் எழுந்தார். "ஐயா, அப்ப கிராஸுன்னா சிலுவை இல்லையா?"

அறை சிரித்தது. சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. "ஒரு வகையில் சிலுவைதான். சுமப்பவனுக்கே மேன்மை. கைதட்டுங்கள்" என்றார். தட்டினார்கள்.

உட்காராமல் நின்ற தேவஇரக்கம் கேட்டார். "வாடகைய எங்கய்யா கழிக்கணும்?"

"வாடகையைத் தின்ன முடியுமா?"

"முடியாது."

"அப்படியென்றால் அது பண்டம் இல்லை."

"மாஸ்டர் சம்பளம்?"

"மாஸ்டரைத் தின்ன முடியுமா?"

செட்டியார்பட்டியில் பரோட்டாக் கடை வைத்திருந்த லிங்கேஸ்வரன் பின்வரிசையிலிருந்து, "எங்க மாஸ்டரு எலும்பும் தோலுமா இருக்கான், தேறமாட்டான்" என்றார். அவருக்கு ஒழுக்கக் குறைவு என்று ஐந்நூறு ரூபாய் போட்டார்கள்.

"கரண்டு, கேஸு, தண்ணி லாரி எல்லாம்?" என்று தேவஇரக்கம் விடாமல் கேட்டார். "அதுக்கெல்லாம் எங்கேருந்துய்யா குடுக்க?"

"அது நிகர லாபம்" என்று சங்கரலிங்கம் வலிக்காமல் சொன்னார். "நிகர லாபத்துக்கு மதுரையில் தனிப்பிரிவு வரப்போகிறது. வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வாடகை கட்டுப்படியாகவில்லை. அதுவரைக்கும் நிகர லாபத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்படுவது விதிமீறல்."

பலகையில் பெரிதாக எழுதினார்: தின்ன முடியாதது செலவல்ல. எல்லாரையும் எழுந்து நின்று மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னார்கள்.

"எங்கள் கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நெகிழ்ந்து முடித்தார். "உங்களிடம் ஐயாயிரம் வாங்கினோம். தின்பதற்கு என்ன கொடுத்தோம்? ஆளுக்கு ஒரு பொறை ரொட்டி, அரை டம்ளர் டீ. மிச்சமெல்லாம் பேச்சு. பேச்சுக்குப் பருப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஊசிப்போகாது. எங்கள் மார்ஜின் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு. நாளையிலிருந்து டீயைக் கால் டம்ளர் ஆக்குகிறோம்."

இந்த இடத்தில் உண்மையாகவே கண் கலங்கினார்.

தேவஇரக்கம் கெட்டவர் இல்லை, மூளை இல்லாதவரும் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பிப் பழகியவர். வீட்டுக்கு வந்ததும் எப்சியிடம், "தின்ன முடிஞ்சதக் கொறைக்கணும். தின்ன முடியாததுல எம்புட்டு வேணாலும் போடலாம்" என்றார். எப்சி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

ஜெயசித்ரா வழிகாட்ட, கடை மாறியது. சோறு போட ஒரு கிண்ணம் கொடுத்தாள். அந்தக் கிண்ணத்தில் கிளிக்குத்தான் தண்ணீர் வைக்கலாம். கூரையில் கண்ணாடிச் சரவிளக்கு தொங்கியது. தோல் அட்டை போட்ட உணவுப் பட்டியல் வந்தது, அதில் ரசம் 'மிளகுச் சாறு' என்றும் மோர் 'வெண்ணீர்' என்றும் இருந்தன. வாசலில் தொப்பி வைத்த ஆள் ஒருவன் சல்யூட் அடித்தான். சல்யூட்டைத் தின்ன முடியாதாகையால் அவன் சம்பளம் செலவில் சேரவில்லை. ஆனால் முதல் தேதியானால் வந்து கேட்டான். தேவஇரக்கம் மொபெட்டை விற்றுக் கொடுத்தார். அடுத்து கிரைண்டர் போனது. பெரிய அண்டாவைத் தூக்கும்போது எப்சி குறுக்கே நின்றாள்.

"அண்டாவ வித்துப்புட்டு எதுலங்க சோறு வடிப்பிய?"

"வடிக்கிறதக் கொறைக்கத்தானட்டி சொல்லுதாக."

சீனியம்மாள் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்ப்பவள். கடை திறந்த காலத்திலிருந்து வருகிறவள். அன்றைக்கும் வந்து தொப்பிக்காரனின் சல்யூட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கிண்ணச் சோற்றை இரண்டு வாயில் முடித்துவிட்டு, "அண்ணாச்சி, சோறு" என்றாள்.

"போட்டாச்சுல்லாம்மா."

"அது ருசி பாக்கப் போட்டது. சாப்பிடப் போடுங்க."

"இனிமே ஒரு வாட்டிதான். மறுசோறு மார்ஜினத் தின்னுருது."

சீனியம்மாள் தலையைத் தூக்கிச் சரவிளக்கைப் பார்த்தாள். "எலையில சோறு கெடக்கா இல்லையான்னு தேடிப் பாக்கவா லைட்டப் போட்டிய?"

பக்கத்து மேசைக்காரன் ஒருவன் சிரித்தான். அவன் இலையும் காலி.

"வில்லிபுத்தூர் கழகத்துல சொல்லிட்டாக தாயி. நான் என்ன செய்ய?"

"எட்டு மணி நேரம் நின்னுட்டு வாரேன் அண்ணாச்சி. காக்காய்க்கு வைக்கிற சோத்த எனக்கு வச்சிட்டு, வாசல்ல ஒருத்தன வச்சுக் கும்பிடு வேற போடுதிய. கும்பிட்டாப்புல வயிறு ரொம்புமா?" காசை மேசையில் வைத்தாள். "எப்சி அக்கா, வாரேன்" என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வரவே இல்லை. அவளோடு வருகிற மற்றவர்களும் வரவில்லை.

கூட்டம் குறைந்தது, மார்ஜின் ஏறியது. ஐம்பத்திரண்டு, அறுபத்து நாலு, அறுபத்தொன்பது. கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது சதவிகிதத்துக்குத் தெரியாது. நூறு பேர் சாப்பிட்டாலும் ஒருவன் சாப்பிட்டாலும் அது ஒரே முகத்தோடு நிற்கும். ஜெயசித்ரா வாராவாரம் வந்து கைகுலுக்கினாள். அறுபத்தொன்பதில் வண்டி நின்றுவிட்டபோது அவளே யோசனையும் சொன்னாள். "கறிதான் சார் இடிக்குது. கறிய நூல்ல கட்டிக் குழம்புல முக்குங்க. சாரம் இறங்குனதும் எடுத்துப் பிரிட்ஜில வச்சு, மறுநாள் திரும்ப முக்குங்க. நூலுக்கு உங்க ஊர்ல பஞ்சமா?"

தனுஷ்கோடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான்.

"அண்ணாச்சி, ரெண்டு மாசச் சம்பளம் நின்னுபோச்சு, கேட்டேனா? ஆனா தூண்டில்ல புழு கோத்த மாதிரி கறியக் கோக்க என்னால ஏலாது. நான் வாரேன்."

"ஏலே தனுஷ்கோடி, செத்த பொறு. கடை கெடச்சிட்டா எல்லாம் சரியாயிரும்."

"கடை கெடைக்கும். உள்ள வைக்கதுக்கு என்ன இருக்கும்?"

முருகன் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரமே கழகம் அவனைத் தன் அதிகாரிகளுக்குச் சமைக்க எடுத்துக்கொண்டது. அங்கே கறி நூல் இல்லாமல் வெந்தது.

அப்பேர்ப்பட்ட பாடுபட்டு எழுபதைத் தொட்ட அன்றைக்குக் கழகம் புது அறிவிப்பு விட்டது. எல்லாரும் எழுபதைத் தொட்டுவிட்டதால் எழுபதுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. இனித் தகுதி தொண்ணூறு.

தேவஇரக்கம் நாற்காலியில் உட்கார்ந்து சரவிளக்கை வெறித்தார். கடையில் ஈகூட இல்லை. ஈக்கும் ஒரு நியாயம் உண்டு. வீட்டிலும் அரை வயிறுதான். சபையில் அசன விருந்து போட்ட அன்றைக்குத்தான் அவரும் எப்சியும் கடைசியாக நிறையச் சாப்பிட்டது.

"சோத்தையும் எடுத்தாச்சு, கறியையும் எடுத்தாச்சு. இனி வெறும் எலையப் போட்டு விக்க வேண்டியதுதான? எலைய மாடுதான் திங்கும், மனுசன் திங்கமாட்டான். அதுக்கும் செலவு கெடையாதுல்லா" என்று கத்தினாள்.

திட்டியதுதான். ஆனால் தேவஇரக்கம் எழுந்து நின்றார். கல்யாணத்தன்றைக்குப் பிறகு அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் ஜெயசித்ரா ஆய்வுக்கு வந்து உட்கார்ந்தாள். தேவஇரக்கம் தலைவாழை இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். அவள் அந்தத் தண்ணீரைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். தொப்பிக்காரன் கணக்குத் தீர்க்காமல் ஓடிப்போயிருந்ததால் தேவஇரக்கமே ஒரு சல்யூட் வைத்தார்.

"சாப்பாடு?" என்றாள்.

"அம்புட்டுதாம்மா. நூத்தி இருவது ரூவா."

அவள் இலையைப் பார்த்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். கணக்குப் போட்டாள். விற்பனை நூற்றி இருபது. தின்ன முடிந்த பண்டம் சுழி. "நூறு சார்" என்றாள். "முழுசா நூறு. எங்க டைரக்டர் சார் கனவுல வர்ற நம்பர்." காசைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் போன் போட்டாள். அன்றைக்கு முழுக்க அந்தக் கடையில் அந்த ஓர் இலைதான் விற்றது. கட்டடக்காரன் வாடகை கேட்டு வாசலில் நின்றதால் அந்தக் காசு அப்படியே போனது.

தகுதிச் சான்று கொடுக்கும் விழா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். தேவஇரக்கமும் எப்சியும் காலையில் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறினார்கள். மேடையில் சங்கரலிங்கம் தேவஇரக்கத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசினார்.

"உணவக வரலாற்றில் எல்லாரும் ஒரு தவறு செய்தார்கள். உணவு கொடுத்தார்கள்! பசித்தவன் வந்தால் சோறு போடு என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி நானும் மூன்று ஓட்டலை இழந்தவன். பசித்தவன் என்பவன் யார்? மார்ஜினைத் தின்ன வருகிறவன். இந்த மாமனிதர் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பாருங்கள், இவரே எவ்வளவு இளைத்திருக்கிறார்! தன் சொந்த வயிற்றைக்கூட மார்ஜினில் சேர்த்துவிட்டார். இதற்குப் பெயர் அர்ப்பணிப்பு."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. தாம்பாள அகலத்துக்கு, பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பளபளவென்று இருந்த சான்றைக் கொடுத்தார்கள். ஆள் உயர அட்டைச் சாவி ஒன்றைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுத்ததும் சாவியைத் திருப்பி வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தார்கள்.

மேடையை விட்டு இறங்கிய தேவஇரக்கம் ஜெயசித்ராவிடம் போனார். "கடை நம்பர் எதும்மா?"

அவள் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "உங்களுக்குக் கடை இல்ல சார்."

"நூறு வாங்கினேனேம்மா."

"சான்றுக்கு மார்ஜின் பாப்போம். கடைக்கு யாவாரம் எம்புட்டுன்னு வளாகத்துக்காரங்க பாப்பாங்க. நீங்க போன வாரம் பூரா வித்தது ஒரு எலை. ஒரு எலைக்கு எதுக்கு சார் கடை? வாழமரமே போதுமே."

"அப்ப அந்தக் கடை யாருக்கு?"

"எங்க கழகத்தோட மாடல் உணவகத்துக்கு. தனுஷ்கோடி மாஸ்டர் இருக்கார்ல, ஃபுல் மீல்ஸு. எத்தனை வாட்டி கேட்டாலும் போடப்போறோம். கூட்டம் அள்ளும்ல." வெட்கமே இல்லாமல் சொன்னாள். அவளுக்கு அதில் வெட்கப்பட எதுவும் இருக்கவில்லை.

எப்சி புருஷனின் சட்டையைப் பிடித்துப் பந்தி நடந்த பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாளியும் கரண்டியுமாக நின்றது தனுஷ்கோடி. கறிக்குழம்பின் வாசம் பிடித்துத் தேவஇரக்கம் வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ரெண்டு எலை போடுலே" என்றாள் எப்சி.

தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டான். "மதினி, டோக்கன் இல்லாம எலை எடுக்கப்படாதுன்னு சொல்லியிருக்காக. சான்று வாங்குனவியளுக்கு டோக்கன் கெடையாதாம். மார்ஜின் கெட்டுருமாம்."

"எலைதான எடுக்கப்படாது?"

"ஆமா."

எப்சி தேவஇரக்கத்தின் கையிலிருந்த சான்றைப் பிடுங்கி நீட்டினாள். "இதுல போடு."

தனுஷ்கோடி சுற்றிலும் பார்த்தான். சோற்றை அள்ளிக் குவித்தான். நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினான், கறியைத் தேடி எடுத்துப் போட்டான். பிளாஸ்டிக் நல்ல தரம். ஒரு சொட்டு ஊறவில்லை. தேவஇரக்கம் தூணோரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மென்றாரா விழுங்கினாரா என்று தெரியாமல் தின்றார். இயக்குநரின் கையெழுத்து இருந்த மூலையில் எலும்பை ஒதுக்கினார்.

நிழல் விழுந்தது. ஜெயசித்ரா.

"என்ன சார் பண்றீங்க?"

"சாப்பிடுதேம்மா."

"காசு குடுத்தீங்களா?"

"இல்ல."

"உரிமையாளர் தின்னா அது கடைக் கணக்குல ஏறும் சார், விதி இருக்கு. விற்பனை ஒண்ணுமில்ல, பண்டம் உள்ள போயிருச்சு. நூறு போச்சு." பந்தியில் இருந்த சங்கரலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாய் நிறையக் கறி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். "சான்ற ரத்து பண்ணியாச்சு. குடுங்க."

தேவஇரக்கம் சோற்றின் மேல் கையைப் பொத்திக்கொண்டார். "இதுல சோறு இருக்கேம்மா."

"சரி, முடிச்சிட்டே குடுங்க. ஆனா கழுவிக் குடுக்கணும் சார். அதுலதான் அடுத்த ஆளுக்குப் பேர் ஒட்டணும்."

எப்சி சேலையைச் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குவியலின் தன் பக்கத்தைக் கையால் ஒதுக்கிக்கொண்டு முதல் உருண்டையைப் பிசைந்தாள்.

"செத்த நேரம் அப்படி நில்லு தாயி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு தட்டுதான் இருக்கு."